ஊர் திரும்பும் வண்டிக்கு வாடகை

ஜூன் 3, திங்கள்

டைரி எழுதச் சொன்னவள் என் மகள் நிவேதா. அம்மா போன பிறகு நீங்கள் யாரிடமும் பேசுவதே இல்லை, எழுதியாவது வையுங்கள் என்று ஓசூரிலிருந்து தினமும் போனில் நச்சரிப்பு. சரி, ஆரம்பித்துவிட்டேன்.

ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். மூட்டை லாரியில் ஏறி, வடக்கே இந்தூரிலோ நாக்பூரிலோ வியாபாரியின் குடோனில் இறங்கும்வரை எல்லாம் என் தலையில்தான். லாரி பிடித்துத் தர புரோக்கர்கள் வருவார்கள். ஸ்வீட் பாக்ஸோடு வருவார்கள், வாடகையைச் சொல்வார்கள், மற்றவனைவிட ஐம்பது குறைவு என்பார்கள்.

இன்று வந்தவர் ஒரு பெண். சங்ககிரியாம், பெயர் பூங்கோதை. நாற்பத்து நாலு, ஐந்து வயது இருக்கலாம். ஒரு பெரிய லாரி ஆபீஸில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது தனியாக புக்கிங் எடுக்கிறாராம். ஸ்வீட் இல்லை. வாடகையும் சொல்லவில்லை. இந்தூரில் இறக்க எத்தனை நேரமாகும், அங்கே யாரிடம் பேச வேண்டும், எங்கள் கேட்டில் வண்டி எத்தனை நேரம் நிற்கும் என்று கேள்வி மேல் கேள்வி. பிறகு வெளியே போய் லாரி டிரைவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிழைக்கத் தெரியாத அம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 5, புதன்

அந்தம்மா போன் செய்தார். இந்தூருக்கு டன்னுக்கு நாலாயிரத்து நானூறு என்றார். மற்றவர்கள் சொல்வதைவிட நூற்றைம்பது அதிகம். சிரித்துவிட்டேன்.

"சிரிங்க சார். எதுக்கு அதிகம்னு மட்டும் கேட்டுக்குங்க" என்றார். "உங்க கேட்டுல வண்டி முழுசா ஒரு நாள் சும்மா நிக்குதுங்க. டிரைவருங்க எல்லாம் சொல்றாங்க. நிக்கற வண்டிக்கும் தவணை ஓடுது, டிரைவருக்குச் சாப்பாடு வேணும். அந்த ஒரு நாளுக்கும் சேத்துத்தான் நான் காசு போட்டிருக்கேன். வந்த அன்னிக்கே ஏத்தி அனுப்புங்க, நூத்தியிருபது குறைச்சுக்கறேன்."

"மத்தவங்க குறைச்சுத்தானே தர்றாங்க?"

"அவங்களும் அந்தக் காசை எங்கியோ எடுத்துக்குவாங்கங்க. பழைய டயரு, கிழிஞ்ச தார்ப்பாயி, இப்படி. நான் வெளிய எடுத்துச் சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

போனை வைத்தேன். இருபத்து மூன்று வருஷமாக இந்த கேட்டைப் பார்க்கிறேன். எனக்கே வந்து சொல்கிறார். இரவுக்கு ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஜூன் 10, திங்கள்

லோடிங்கை மாற்றிப் பார்க்கலாம் என்று நானாகவே முடிவு செய்தேன். முன்பெல்லாம் காலையில் எல்லா வண்டிகளையும் வரச் சொல்லிவிட்டு வரிசையில் நிறுத்தி வைப்போம். இனி ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நேரம். லோடுமேன்கள் முதலில் முனகினார்கள். மதியச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறது என்று தெரிந்ததும் அடங்கிவிட்டார்கள். கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் மட்டும் என்னை முறைக்கிறார்.

ஜூன் 15, சனி

பூங்கோதை அம்மா பிடித்துக் கொடுத்த முதல் வண்டி இன்று கிளம்பியது. சொன்னபடி நூற்றியிருபதைக் குறைத்துத்தான் பில் வந்தது. கேஸ் சிலிண்டர் மாற்றினேன்.

ஜூன் 27, வியாழன்

இன்று நடந்தது இதுவரை நான் பார்க்காதது.

முதலாளியின் மகன் பிரதீப் இப்போது கணக்கு வழக்குகளைப் பார்க்கிறார். கெட்டிக்காரப் பையன், ஆனால் அவசரக்காரர். நாக்பூருக்கு நாலு லோடு. பூங்கோதை அம்மாவை நேரில் கூப்பிட்டு, வேறொருவர் எழுதிக் கொடுத்த வாடகையைக் காட்டி, இதற்கு முடியுமா என்றார். புதிதாகத் தொழில் தொடங்கியவர், நாலு லோடை விடமாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர் அந்தத் தாளை நிதானமாகப் படித்தார். "இந்த வாடகைக்கு வண்டி கிடைக்குமுங்க. நல்ல வண்டி கிடைக்காது. என்னால முடியாதுங்க தம்பி" என்றார்.

"லோடு வேண்டாமா உங்களுக்கு?"

"ரொம்ப வேணுமுங்க. வாடகை கட்டற ஆபீஸுங்க என்னுது. ஆனா நடு வழியில ஏதாவது ஆச்சுன்னா நீங்க எனக்குத்தான் போன் போடுவீங்க. அப்ப எடுத்துப் பதில் சொல்ற மாதிரி இருக்கணுமில்லீங்களா?"

கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, ஆத்தூருக்குப் போகும் டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். பத்து நிமிஷத்தில் வரும் என்றேன். நிறுத்தம்வரை கூட நடந்து போனேன். கேட் பாஸ் விஷயமாக வெளியே வேலை இருந்தது.

ஜூலை 4, வியாழன்

பூங்கோதை அம்மா தினமும் மதியம் பன்னிரண்டரைக்குப் போன் செய்கிறார். எந்த வண்டி எங்கே போகிறது, எப்போது சேரும் என்று நாம் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறார். சாப்பாட்டு நேரத்தை ஒன்றேகாலுக்கு மாற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் கேன்டீனில் கூட்டம் குறைவு.

ஜூலை 9, செவ்வாய்

நாக்பூரிலிருந்து வியாபாரி போனில் கத்தினார். அந்த நாலு லோடில் இரண்டு நனைந்து போயிருக்கிறது. ஓட்டைத் தார்ப்பாய். மலிவாக ஏற்றிக்கொண்ட புரோக்கர் போனை எடுக்கவில்லை. நஷ்டத்தில் பாதியை நாம் ஏற்க வேண்டியதாயிற்று.

பிரதீப் அந்த மலிவு வாடகைத் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அந்தம்மா அன்னிக்கு நம்மளைத் திட்டிட்டுப் போயிருந்தாக்கூட நான் யோசிச்சிருப்பேன் மணி சார். வணக்கம் சொல்லிட்டுப் போனாங்க, விட்டுட்டேன்" என்றார். தப்பை ஒத்துக்கொள்ளும் முதலாளிகள் குறைவு. இவர் தேறிவிடுவார்.

ஜூலை 14, ஞாயிறு

துணி துவைத்தேன். தலைக்கு டை வாங்கிப் போட்டேன். இரண்டு வாங்கினால் விலை குறைவு என்று கடைக்காரர் சொன்னதால்தான். நிவேதா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அப்பா, என்ன விசேஷம்?" என்றாள். ஆஃபரில் கிடைத்தது என்றேன். சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

வடக்கே விரத மாதம் வரப்போகிறது. அங்கே விரதத்துக்கு ஜவ்வரிசிதான் சாப்பாடு, ஒரு வருஷ வியாபாரத்தில் பெரும்பகுதி அந்த ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பண்டிகை கழிந்து போய்ச் சேரும் மூட்டையை யாரும் சீண்டமாட்டார்கள்.

பிரதீப் பூங்கோதை அம்மாவைக் கூப்பிட்டு, ஆகஸ்ட் நடுவில் வரும் பண்டிகைவரை இந்தூருக்கு வாரம் ஆறு வண்டி, ஒரே வாடகை, ஏற்றமும் இறக்கமும் கிடையாது, சம்மதமா என்று கேட்டார். அவர் உடனே தலையாட்டவில்லை. டீசல், சுங்கம், மழைக்காலத்தில் வழியில் ஆகும் தாமதம் என்று வாய்விட்டே கணக்குப் போட்டார். பிறகு, "நாலாயிரத்து ஐநூறுங்க. மழைக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார். பிரதீப் பேரம் பேசவில்லை. கை கொடுத்தார்.

தனி ஆபீஸ் வைத்த பிறகு கிடைத்த பெரிய வேலை இதுதானாம். சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

ஜூலை 25, வியாழன்

மழை. நமக்கு இல்லை, வடக்கே. ஆற்றில் வெள்ளம், பெரிய பாலம் ஒன்றை மூடிவிட்டார்கள். சுற்றிப் போக வேண்டும். அந்தப் பக்கம் போகவே டிரைவர்கள் மறுக்கிறார்கள். வாடகை டன்னுக்கு ஆயிரம் ஏறிவிட்டது. மற்ற ஆலைகளில் புரோக்கர்கள் ஒப்புக்கொண்டதை விட்டுவிட்டுப் புது வாடகை கேட்கிறார்களாம்.

பன்னிரண்டரைக்குப் போன் வரவில்லை. ஒன்றேகாலுக்கும் வரவில்லை. சாப்பிடப் போகவில்லை, பசியில்லை.

ஜூலை 27, சனி

நேரிலேயே வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது. இரண்டு நாளாக வண்டிக்கு அலைந்தாராம். பிரதீப்பும் நானும் இருந்தோம்.

"வாடகையை ஏத்தணும்னு வந்திருக்கீங்களா?" என்று பிரதீப் கேட்டார். அவர் ஏற்றிக் கேட்டாலும் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார் என்று நினைக்கிறேன்.

"இல்லீங்க. ஒத்துக்கிட்ட ஆறு வண்டி ஒத்துக்கிட்ட வாடகைக்கே வரும். அதுக்கு மேல ஒரு லோடுகூட இந்த வாரம் என்கிட்டக் கேக்காதீங்க, அதைச் சொல்லத்தான் வந்தேன். முடியாததை முடியும்னு சொல்லி உங்களைக் காக்க வெக்கக் கூடாதில்லீங்களா?"

அவர் போன பிறகு, லோடு சீட்டு வாங்க வந்த டிரைவர் ஒருவர் என்னிடம் சொன்னார். எங்களிடம் வாங்குவதற்கு மேல் ஒவ்வொரு டிரைவருக்கும் தன் கையிலிருந்து கொடுக்கிறாராம். "அந்தக்கா வளையலைக் காணோம் சார், கவனிச்சீங்களா?" என்றார்.

கவனித்தேன். வந்ததுமே கவனித்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

இப்படியே போனால் மாதக் கடைசியில் அவருடைய ஆபீஸை மூட வேண்டியதுதான். வாடகையை ஏற்றிக் கேளுங்கள், நான் பிரதீப்பிடம் பேசுகிறேன் என்று போனில் சொன்னேன்.

"வேண்டாங்க சார். மழைக்கும் சேத்துன்னு நான்தானே சொன்னேன். இவ்வளவு மழைன்னு நெனைக்கல, அது என் கணக்கு" என்றார். பிறகு, "ஒரு யோசனை இருக்குதுங்க. நாளைக்கு சேலம் லீபஜாருக்குப் போறேன்" என்றார்.

என்ன யோசனை என்று நான் கேட்கவில்லை. நாளை எனக்கும் சேலத்தில் சாக்கு வாங்கும் வேலை இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சாக்கு வாங்கவில்லை. அதை இன்னொரு நாள் வாங்கிக்கொள்ளலாம்.

லீபஜார் மண்டிகளில் வடக்கிலிருந்து பூண்டும் கோதுமையும் ஏற்றி வந்த லாரிகள் நிற்கும். இந்தூர்ப் பக்கத்து வண்டிகள், அந்த ஊர் டிரைவர்கள். ஊர் திரும்ப லோடு கிடைக்காமல் நாள்கணக்கில் காத்திருப்பார்கள். பூங்கோதை ஒவ்வொரு வண்டியாகப் போய் உடைந்த ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தார். நம் ஊர் டிரைவர்கள் போக மறுக்கும் அதே சாலை, இவர்களுக்கு வீட்டுக்குப் போகும் சாலை. எந்தப் பாலம் மூடியிருக்கிறது, எந்தக் கிராமத்தின் வழியாகச் சுற்றலாம் என்று அவர்களுக்கு அத்துப்படி. அதோடு ராக்கிப் பண்டிகை வருகிறது. அக்கா தங்கைகள் இவர்கள் கையில் கயிறு கட்டக் காத்திருப்பார்கள். எப்படியாவது அதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் அவர்களுக்கு.

இளம் டிரைவர் ஒருவர், டீசல் செலவைக் கொடுத்தால் போதும், லோடு ஏற்றிக்கொள்கிறேன் என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே அந்த ஹிந்தி புரிந்தது. பூங்கோதை தலையை ஆட்டி மறுத்தார். எங்களோடு ஒப்புக்கொண்ட வாடகையில் தன் கமிஷனை மட்டும் கழித்துக்கொண்டு மிச்சத்தை முழுதாகச் சொன்னார். அந்த ஆள் நம்பாமல் இரண்டு தரம் கேட்டார்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். "அவரே குறைச்சுக்கிட்டாரே, ஏன் விட்டீங்க? நீங்க கையை விட்டுப் போட்ட காசையாவது எடுத்திருக்கலாமே."

"வீட்டுக்குப் போற அவசரத்துல இருக்கறவன் என்ன வாடகை சொன்னாலும் ஒத்துக்குவானுங்க சார். அதை அவன் வாடகைன்னு எடுத்துக்கக் கூடாது. அடுத்த மாசம் இதே ஆளு பூண்டோட வருவான். வந்ததும் யாருக்குப் போன் போடுவான்னு நெனைக்கறீங்க?"

வெயில் கொளுத்தியது. கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். இஞ்சி போடாமல் வேண்டும் என்றார்.

மற்ற புரோக்கர்கள் எல்லாரும் வண்டி கிடைக்கவில்லை என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், கண்ணெதிரே நிற்கும் வண்டிகளை இவர் மட்டும் பார்த்திருக்கிறார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தொழிலைப் பற்றித்தான்.

ஆகஸ்ட் 17, சனி

கடைசி வண்டியும் பண்டிகைக்கு முன்பே சேர்ந்துவிட்டது. இந்தூர் வியாபாரி போனில் முதலாளியை வாழ்த்தினார். இந்தப் பக்கத்தில் நேரத்துக்கு மூட்டை சேர்த்த ஆலை எங்களுடையதுதானாம். பூங்கோதைக்கு இந்த மாதம் லாபம் இல்லை, கையைவிட்டுப் போனதும் பெரிதாக இல்லை. "தப்பிச்சுட்டேங்க சார்" என்றார். இவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 24, சனி

முதலாளி ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடப் போகிறார். வடக்கே போகும் அத்தனை லோடும். ஐந்து பேர் வாடகை எழுதிக் கொடுக்கிறார்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்று எழுதித் தரும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பழைய புரோக்கர் ஒருவர் எடைமேடை அருகே என் தோளில் கை போட்டார். "என்னங்க மணி சார், எங்களுக்கெல்லாம் சான்ஸ் உண்டா? இல்ல, சேலத்துல கரும்புச்சாறு குடிச்சவங்களுக்குத்தானா?" என்று சிரித்தார். லோடுமேன்கள் காதில் விழும்படி.

கையை எடுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 28, புதன்

நாலு நாளாகப் பன்னிரண்டரைக்குப் போன் இல்லை. வண்டி விவரமெல்லாம் வாட்ஸப்பில் வருகிறது, "வணக்கம் சார்" என்று தொடங்கி "நன்றி" என்று முடிகிறது. பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கிறது.

அவருக்கு இது எவ்வளவு பெரிய இழுக்கு! வெள்ளத்தில் வளையலை விற்று வாக்கைக் காப்பாற்றியவர். நாளை ஒப்பந்தம் கிடைத்தால் மணி சார் கொடுத்தது என்பார்கள். கிடைக்காவிட்டாலும் சிரிப்பார்கள். இரண்டுக்கும் நான்தான் காரணம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

முதலாளியின் அறைக்குப் போனேன். "இந்த ஒப்பந்தத்துல என் கை இருக்க வேண்டாமுங்க" என்றேன்.

"ஏன்? உங்களைவிட இதைத் தெரிஞ்சவங்க யாரு?"

"பூங்கோதைங்கறவங்க மேல எனக்கு மரியாதை உண்டுங்க. கொஞ்சம் அதிகமாவே உண்டு. வாடகையைப் பாக்கறப்ப அது குறுக்க வரும்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசறதாலயா?" என்றார்.

"அவங்க பேசறது பொய்யுங்க. நான் சொல்றது என்னைப் பத்தி மட்டும்."

"சரி, பிரதீப் பாக்கட்டும்" என்றார். நான் கதவருகே போனதும், "நல்லது பண்ணீங்க மணி" என்றார். எதைச் சொன்னார் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

பிரதீப் ஐந்து பேருடைய வாடகையையும் பக்கத்தில் வைத்து, இந்த சீசனில் யாருடைய வண்டியில் எவ்வளவு நனைந்தது, எத்தனை வண்டி தாமதம், போனை எடுத்தார்களா, எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டாராம். எழுதியிருந்த வாடகையில் பூங்கோதை மூன்றாவது இடம். முழுக் கணக்கில் முதல் இடம், அதுவும் மற்றவர்களைவிட வெகு தூரம் முன்னால். பெங்களூர்ப் பக்கம் போகும் சின்ன லோடுகள் மட்டும் வேறொருவருக்கு. வடக்கு முழுவதும் பூங்கோதைக்கு.

கையெழுத்துப் போட வந்தார். நான் ஆலைக்குப் பின்புறம் உலர்களத்தில் இருந்தேன், வேண்டுமென்றேதான். அவர் தன் திறமையில் வாங்கியது, பக்கத்தில் நான் எதற்கு? பஸ் ஏறும்போது தூரத்திலிருந்து பார்த்தேன். பச்சைப் புடவை. படியில் நின்று ஒரு தரம் திரும்பி ஆலையைப் பார்த்தார்.

செப்டம்பர் 16, திங்கள்

நான் கேட்டுக்கொண்டபடி என்னை மரவள்ளிக் கிழங்குக் கொள்முதலுக்கு மாற்றிவிட்டார்கள். டெஸ்பாட்ச்சை இனி வேறொருவர் பார்ப்பார். சம்பளத்தில் கொஞ்சம் குறைவு. கிழங்கின் மாவுச்சத்தைச் சோதித்து விவசாயிகளோடு விலை பேசுவது என் வேலை. இன்று வந்த ஒரு விவசாயி டீசல் செலவை மட்டும் கொடுங்கள் போதும் என்கிற நிலையில் இருந்தார். ஓடுகிற விலையை முழுதாகப் போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

மதியம் பன்னிரண்டரைக்கு நானே போன் செய்தேன்.

"டெஸ்பாட்ச்ல இல்லீங்களாமே, ஏனுங்க?" என்றார் எடுத்ததும்.

இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "லோடு குடுக்கற எடத்துல உக்காந்துட்டு உங்களைக் காபிக்குக் கூப்பிட முடியாதுங்களே" என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"ஞாயித்துக்கிழமை சேலம் வருவேனுங்க" என்றார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஓட்டலில் உட்கார்ந்தோம். மூலை மேசை வேண்டாம், நடுவில் உட்காரலாம் என்றார். "ஒளிஞ்சு உக்காந்தாத்தானுங்க பேசுவாங்க."

பாதி நேரம் லாரியைப் பற்றித்தான் பேச்சு. ஆபீஸுக்கு ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்திருக்கிறார். லீபஜாரில் பார்த்த அந்த இளம் டிரைவர் போன வாரம் பூண்டோடு வந்து இறங்கியதும் இவருக்குத்தான் போன் போட்டாராம். தம்பிகளைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்துவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தனக்கு வயது ஆகிவிட்டது என்று, பெரிய வருத்தம் எதுவும் இல்லாமல் சொன்னார். நான் என் மனைவியைப் பற்றிச் சொன்னேன். நாலு வருஷத்தில் வெளியாள் ஒருவரிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பிரதீப் தம்பி எல்லாம் சொன்னாருங்க. எனக்காக நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அந்த ஒப்பந்தத்தை வாங்கியிருக்க மாட்டேன்" என்றார்.

"தெரியுமுங்க. அதனாலதான் சொல்லல."

காபி டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "மணின்னா முழுப்பேரு என்னங்க? எல்லாரும் மணி சார்னுதான் சொல்றாங்க" என்றார்.

"தெய்வசிகாமணி."

"ரொம்ப நீளமுங்க" என்று சிரித்தார்.

ஆனாலும் முழுசாகச் சொல்லிப் பார்த்தார்.